விமானத்தில் படம் பார்க்கும்போது வசனம் மட்டும் ஏன் கேட்பதில்லை?

மே 4, 2024 – கேள்வி

போன வாரம் ஒன்பது மணி நேரப் பயணம். இருக்கைத் திரையில் மூன்று படங்கள் பார்த்தேன். மூன்றிலும் ஒலி படுமோசம். இரண்டாவது படத்தில் பின்னணி இசை கேட்கிறது, மழை பெய்வது கேட்கிறது, ஆட்கள் பேசுவது மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. நான் கொண்டுபோனது நல்ல ஹெட்போன், விலை மலிவானது இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்கப் படங்களின் ஒலியை நசுக்கி ஏற்றுகிறார்கள் என்பதுதான் என் முடிவு. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

மே 4, இரவு 10.15

மறுக்கிறேன். பதினாறு வருடமாக ஒலிக்கலவை என் வேலை, அதிலும் டப்பிங் படங்கள்தான் அதிகம். வசனம் கேட்கவில்லை என்ற புகார் எந்தப் பக்கம் வந்தாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

கோப்பு நசுங்கியிருப்பது உண்மைதான். ஆனால் அது கடைசிக் காரணம். முதல் காரணம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம். ஜெட் விமானம் உயரத்தில் பறக்கும்போது கேபினுக்குள் சத்தம் ஏறக்குறைய 75 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். எஞ்சின் கொஞ்சம், விமானத்தின் உடம்பை உரசிக்கொண்டு ஓடும் காற்று கொஞ்சம், குளிர்காற்றுக் குழாய்களின் இரைச்சல் மிச்சம். சாலையில் லாரி கடந்துபோனால் பேச்சை ஒரு நொடி நிறுத்துகிறோம் இல்லையா, அந்த லாரி ஒன்பது மணி நேரம் கடந்துபோய்க்கொண்டே இருக்கிறது.

இதையும் பாருங்கள். சினிமா அரங்கில் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு சானலும் (தனித்தனி ஒலிப்பாதை) 85 டெசிபலுக்கு அளந்து வைக்கப்படும், உச்சம் 105 வரை போகலாம். அந்த அளவை வைத்துத்தான் நாங்கள் கலவை செய்கிறோம். ஒரு முணுமுணுப்பு 50, 55 டெசிபலில் இருந்தாலும் அரங்கில் கேட்கும், ஏனென்றால் அரங்கு அமைதியானது. அதே முணுமுணுப்பு 80 டெசிபல் இரைச்சலுக்கு அடியில் போய்விட்டால் எந்தக் கோப்பும் அதைக் காப்பாற்றாது.

மே 5, காலை 6.50

தூக்கம் வரவில்லை. உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். நேற்று அவசரப்பட்டுவிட்டேன்.

"இசை கேட்கிறது, மழை கேட்கிறது, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இரண்டாவது படத்தில் மட்டும். இரைச்சல் வேலையைக் காட்டினால் மழைதான் முதலில் காணாமல் போயிருக்க வேண்டும். பேச்சு மட்டும் போய், சுற்றியிருப்பதெல்லாம் மிஞ்சினால் அது வேறு நோய். உங்கள் ஹெட்போன் பின் பாதி கழன்றிருந்தது.

விளக்குகிறேன். ஹெட்போன் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. சாக்கெட் தேய்ந்துபோய் அந்த அடிப்பகுதி மட்டும் தொடாமல் நின்றுவிட்டால், மின்சாரம் திரும்ப வழியில்லாமல் இடது ஸ்பீக்கருக்குள் போய் வலது ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும். அப்போது உங்களுக்குக் கேட்பது இடதும் இல்லை, வலதும் இல்லை. இடதிலிருந்து வலதைக் கழித்தால் என்ன மிஞ்சுமோ அது.

படத்தில் வசனத்தை எங்கே வைக்கிறோம்? நடுவில். இரண்டு சானல்களுக்காகச் சுருக்கும்போது நடுச் சானலை 3 டெசிபல் குறைத்து இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி போடுவார்கள். ஒரே மாதிரி இருப்பதைக் கழித்தால் பூஜ்ஜியம். வசனம் போயிற்று. இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும் மழை, வயலின், எதிரொலி எல்லாம் அப்படியே நிற்கும். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி என்றீர்களே, அது மிஞ்சிய எதிரொலி. குரல் அழிந்து, அந்தக் குரல் அறையில் பட்டுத் திரும்பியது மட்டும் கேட்கிறது.

மே 5, காலை 7.05

மருந்து சொல்ல மறந்துவிட்டேன். பின்னை முழுதாக உள்ளே தள்ளுங்கள். அப்புறம் மெதுவாகக் கால் சுற்று திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் குரல் சட்டென்று நடு நெற்றிக்கு வந்து நிற்கும். அந்தக் கோணத்தில் கம்பியை இருக்கையின் மடிப்பில் செருகி வையுங்கள்.

மே 5, மாலை

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஓர் இரவுப் பயணத்தில் பக்கத்து இருக்கையில் வயதான ஓர் அம்மா. படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்கலையாம்மா?" என்று கேட்டேன். "காது போயிடுச்சுப்பா, வயசாச்சு" என்றார். ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன். தபேலா கேட்கிறது, பறவைகள் கேட்கின்றன, கதாநாயகி வாயசைக்கிறாள், குரல் இல்லை. சாக்கெட் கைப்பிடியின் உள்பக்கம், என் முட்டி இடிக்கும் இடத்தில் இருந்தது. பின்னைத் திருப்பினேன். குரல் வந்தது. அவர் காதில் வைத்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த சந்தோஷம் அது. எத்தனை பேர் இப்படித் தங்கள் காதையோ ஹெட்போனையோ குறை சொல்லிக்கொண்டு இறங்கிப் போயிருப்பார்கள் என்று அன்றிலிருந்து நினைக்காத பயணம் இல்லை.

மே 7

இரண்டு துளை சாக்கெட் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

இரட்டைப் பின்னில் ஒன்று இடது, ஒன்று வலது. இரண்டும் தனித்தனி மோனோ. ஒன்று பழுதானாலும் இன்னொரு காதில் படம் ஓடும், அது ஒரு நன்மை. விமானத்தில் தரும் ஹெட்போனை வீட்டுக்கு எடுத்துப் போனாலும் எதிலும் செருக முடியாது, அது அவர்களுக்கு நன்மை. சில இருக்கைகளில் மூன்றாவது துளையும் உண்டு, இரைச்சல் நீக்கும் ஹெட்போனுக்கு மின்சாரம் கொடுக்க.

வீட்டு ஹெட்போனை, ஒற்றைப் பின்னை இரட்டைத் துளைக்கு மாற்றித் தரும் அடாப்டர் இல்லாமல் ஒரு துளையில் மட்டும் செருகினால் பெரும்பாலும் ஒரு காதில்தான் கேட்கும். வசனம் தப்பித்துவிடும், ஏனென்றால் அது இரண்டு சானலிலும் இருக்கிறது. இசையில் பாதி போய்விடும்.

மே 7, சற்று நேரம் கழித்து

திருத்தம். சில இருக்கைகளில் இரண்டு துளைகளில் ஒன்றையே முழு ஸ்டீரியோவாக இணைத்திருப்பார்கள். அங்கே அடாப்டர் வேண்டாம். இரண்டு துளையிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், பத்து வினாடி வேலை.

மே 5 அன்று சொன்ன கழித்தல் கோளாறு ஒற்றைச் சாக்கெட்டில்தான் அதிகம். இரட்டைப் பின் பாதி கழன்றால் ஒரு பக்கம் போகும், அவ்வளவுதான். ஆனால் அடாப்டருக்கு உள்ளே பொதுக் கம்பி அறுந்திருந்தால் அங்கேயும் வசனம் கரையும். அதனால் ஒரே அடாப்டரைப் பல வருடம் வைத்திருப்பவர்கள் அதை முதலில் சந்தேகப்படுங்கள்.

மே 11

குழாய் ஹெட்போன் நினைவிருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறதே! ஸ்டெதாஸ்கோப் மாதிரி வெறும் பிளாஸ்டிக் குழாய். உள்ளே கம்பி கிடையாது. ஸ்பீக்கர் கைப்பிடிக்குள் இருக்கும், காற்று வழியாகவே ஒலி ஏறி வரும். 1963-ல் டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானங்களில் வந்தது. மின்சார ஹெட்போன்கள் 1970-களின் கடைசியில் வர ஆரம்பித்த பிறகும் பழைய விமானங்களில் குழாய்கள் நீண்ட நாள் இருந்தன. சின்ன வயதில் முதல் பயணத்தில் எனக்குக் கிடைத்தது அதுதான். குழாயைக் கழற்றிவிட்டுக் கைப்பிடித் துளையில் காதை நேராக வைத்தேன், பாட்டு கேட்டது. இருக்கை பாடுகிறது என்று அப்பாவிடம் சொன்னேன்.

ஒலித்தரம் என்று பார்த்தால் அது ரொம்ப மோசம். உச்ச ஸ்தாயி எல்லாம் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். ஆனால் அதில் பாதி தொடும் பாதி தொடாத சாக்கெட் என்ற பிரச்சினை மட்டும் கிடையாது.

மே 12

நேற்று எழுதியதிலிருந்து அமர் போஸ் ஞாபகம் வந்துவிட்டது. 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கிறார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர், சொந்தமாக ஸ்பீக்கர் நிறுவனம் வைத்திருப்பவர். கொடுத்த ஹெட்போனை மாட்டுகிறார், எஞ்சின் சத்தத்தில் இசையே ஏறவில்லை. தரையிறங்குவதற்குள் இரைச்சலை எதிர் ஒலியால் அழிக்கும் கணக்கைத் தாளில் போட்டுவிட்டார். எதிர் அலை என்ற யோசனை புதிது இல்லை, ஜெர்மானியரான பால் லூக் அதற்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அதை ஹெட்போனாக விற்பனைக்குக் கொண்டுவரப் போஸுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1986-ல் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரண்டு விமானிகளும் முன்மாதிரிகளைத்தான் மாட்டியிருந்தார்கள். விமானிகளுக்கு 1989-ல் விற்பனைக்கு வந்தது, பயணிகளுக்கு 2000-ல்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒன்று. ஒலித்துறையில் இவ்வளவு கெட்டிக்காரரான ஒருவர் அந்த இருக்கையில் உட்கார்ந்து, "இன்னும் நல்ல ஸ்பீக்கர் செய்கிறேன்" என்று கிளம்பவில்லை. அமைதியைச் செய்யக் கிளம்பினார். நான் முதல் நாளிலிருந்து சொல்ல வருவதும் இதுதான். விமானத்தில் காசையும் கவனத்தையும் ஒலிக்குச் செலவழிக்காதீர்கள், அமைதிக்குச் செலவழியுங்கள்.

மே 12, இரவு

"அப்படியென்றால் வால்யூமைக் கூட்டிக்கொண்டால் போதாதா" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். போதாது. தோராயமாகக் கணக்குப் போடலாம்.

பேச்சு சிரமமில்லாமல் புரிய, சுற்றியுள்ள சத்தத்தைவிட அது 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும். கேபின் 80 என்றால் வசனம் 95-ல் ஓட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வைத்த வரம்பு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி, 86-ல் 10, 89-ல் 5, 92-ல் இரண்டரை, 95-ல் ஒன்றேகால் மணி நேரம். ஒரு படத்தின் இடைவேளை தாண்டுவதற்குள் அந்த வாரத்தின் பங்கு முடிந்துபோகும். குழந்தைகளுக்கு வரம்பு 75-லிருந்து தொடங்குகிறது. பக்கத்தில் குழந்தை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஹெட்போனை ஒருமுறை வாங்கி உங்கள் காதில் வைத்துப் பாருங்கள். தயவுசெய்து.

காதை நன்றாக மூடும் ஹெட்போன் 20 டெசிபலைத் தடுத்தால் உங்கள் காதுக்குக் கேபின் 60. வசனம் 75-ல் ஓடினால் போதும். நல்ல ஹெட்போன் சத்தமாகக் கேட்பதற்கு இல்லை, மெதுவாகக் கேட்பதற்கு.

மே 13

பஞ்சு அடைப்பானைக் காதில் வைத்து, அதன் மேல் விமான ஹெட்போனை மாட்டி வால்யூமைக் கூட்டலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. அடைப்பான் இரைச்சலையும் வசனத்தையும் சேர்த்தே குறைக்கும். அடைப்பானால் மட்டும் இடைவெளி மாறாது, வால்யூமைக் கூட்டினால்தான் மாறும். கூட்டாவிட்டால் காது பிழைக்கும், வசனம் புரியாது. அதைவிடத் தலைகீழாகச் செய்யுங்கள்: காதுக்குள் இறுக்கமாக உட்காரும் இயர்போன், அதன் மேல் பட்டறைகளில் மாட்டும் காதுக்கவசம். பார்க்க நன்றாக இருக்காது, கேட்க அருமையாக இருக்கும்.

மே 19

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கியும் பக்கத்தில் பேசுகிறவர்கள் குரல் கேட்கிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு: அது பழுதில்லை. எதிர் அலை வித்தை தாழ்ந்த ஒலிகளில்தான் நன்றாக நடக்கும், சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அலை மிகச் சிறிதாகிவிடுவதால் மைக்கும் சர்க்யூட்டும் எட்டிப்பிடிக்க முடியாது. அதற்கு மேலே உள்ளதைக் காதைச் சுற்றியிருக்கும் மெத்தைதான் தடுக்க வேண்டும். மெத்தை கிழிந்திருந்தால், கண்ணாடிக் கம்பி அடியில் இடைவெளி விட்டிருந்தால் பாதி பலன் போய்விடும்.

நல்ல காலம், விமான இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த ஒலி. அது தாழ்ந்த ஒலியாக இருப்பதுதான் ஆபத்தும்கூட. சத்தமான தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் மூடிவிடும், காதின் இயல்பு அப்படி. டப்பிங் கலைஞர்களிடம் நான் ல, ள, ழ மூன்றையும் பிரித்துப் பேசச் சொல்லி உயிரை வாங்குவேன். அந்த உழைப்பு முழுவதையும் எஞ்சின் ஒரே வாயில் விழுங்கிவிடும். மலையா, மழையா என்பதைக் கதையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஊகித்து ஊகித்துத்தான் ஒரு படம் முடிவதற்குள் அவ்வளவு களைப்பு. எதிர் அலை அந்தத் தாழ்ந்த போர்வையை உருவி எடுத்ததும் ழகரம் திரும்பி வரும். முதல்முறை அது நடந்தபோது நான் படத்தை நிறுத்திவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருக்கையும் கணக்குதான். இறக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள விமானங்களில் இறக்கைக்கு முன்னால் அமைதி அதிகம். எஞ்சினின் வெளியேற்றச் சத்தம் பின்பக்கம் போகிறது.

ஜூன் 2

தரையிறங்கிவிட்டேன். இந்த முறை கேட்டவருக்காகவே ஒரு சோதனை செய்தேன், அதில் என் மே 4 பேச்சில் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லாரும் ஏறி முடிப்பதற்குள், எஞ்சின் ஓடாத நேரத்தில், இருக்கைத் திரையில் ஒரு இசை ஆல்பத்தைப் போட்டுக் கேட்டேன். பழைய விமானம், பழைய திரை. சிம்பல் அடிக்கும் இடங்களில் உலோகச் சத்தத்துக்குப் பதில் தண்ணீர் சுழல்கிற மாதிரி ஒரு சலசலப்பு. கைதட்டல், மணல் கொட்டுவது மாதிரி. அடியில் "ஸ்ஸ்" என்று ஒரு சீறல், வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தாலும் போகவில்லை. ஆக, நசுக்கி ஏற்றுகிறார்கள் என்று நீங்கள் சொன்னது அந்த விமானத்தில் உண்மை. கடைசிக் காரணம் என்று அதை நான் அவ்வளவு லேசாகத் தள்ளியிருக்கக் கூடாது.

பறக்க ஆரம்பித்து இருபது நிமிடத்தில் ஃபோன் செயலி 81 காட்டியது. அதே ஆல்பம், அதே இடம். சலசலப்பு கேட்கவில்லை, மணல் கேட்கவில்லை. இரைச்சல் நீக்கியைப் போட்டதும் லேசாகத் திரும்ப வந்தது. இரைச்சல் போகப் போகத்தான் கோப்பின் குறை வெளியே வருகிறது. உங்கள் ஹெட்போன் நல்லது என்பதால் உங்களுக்கு அது கேட்டிருக்கிறது. வசனம் போனதற்கு அது காரணம் இல்லை என்பதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஜூன் 2, இரவு

சீறல் பற்றி: அது கோப்பில் இல்லை. இருக்கையின் ஆம்பிளிஃபயரில் எப்போதும் இருப்பது. விமான ஹெட்போன்கள் மந்தமானவை, அதனால் கேட்காது. உங்கள் கூர்மையான இயர்போன் அதையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். இடையில் ஒலியைக் குறைக்கும் சின்ன அடாப்டர் ஒன்றைப் போட்டு, திரையில் வால்யூமைக் கூட்டினால் சீறல் அமிழ்ந்துவிடும், வசனம் மேலே வரும். சில ஹெட்போன் கம்பிகளில் இதற்கென்றே ஹை, லோ என்று ஒரு சுவிட்ச் இருந்தது.

இன்னொரு பலனும் உண்டு. படம் ஓடும்போது நடுவில் அறிவிப்பு வந்து காதைக் கிழிக்கிறதே, அந்த அளவை நாம் மாற்ற முடியாது, திரையின் வால்யூம் அதைத் தொடாது. கம்பியில் இருக்கும் அடாப்டர் அதையும் சேர்த்துக் குறைத்துவிடும்.

ஜூன் 3

ப்ளூடூத்? புதிய இருக்கைகளில் வருகிறது. பின் இல்லை, தேய்ந்த சாக்கெட் இல்லை, என் மே 5 கதை முழுவதும் அங்கே செல்லாது. ஆனால் உதடும் குரலும் விலகும். குரல் ஏறக்குறைய 125 மில்லி வினாடி பிந்தினால் மனிதர்கள் கண்டுபிடிக்கத் தொடங்குகிறார்கள், முந்தினால் 45-லேயே. சாதாரண ப்ளூடூத் 150, 200 என்று பிந்தும். திரையே படத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும், சில திரைகள் அப்படிச் செய்கின்றன. பழைய சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவிகளுக்காகத் திரை படத்தை நிறுத்திப் பிடிக்காது. தாமதம் குறைந்த ப்ளூடூத் வகை அந்தக் கருவியிலும் ஹெட்போனிலும், இரண்டிலுமே இருந்தால்தான் பலன்.

டப்பிங் படம் பார்க்கிறவர்களுக்கு உதடு ஏற்கெனவே ஒட்டாது, அதனால் தெரியாமல் போகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் தொழிலுக்காக நான் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது: நல்ல டப்பிங்கில் உதடு ஒட்டும். ஒட்ட வைக்க ஒரு வரியைப் பதினைந்து முறை பேச வைப்போம்.

நான் கம்பிக்காரன். கம்பி பிந்தாது.

ஜூன் 15

கேட்டவர் திரும்பிப் பறந்துவிட்டு எழுதியிருக்கிறார். மறுபடியும் குரல் இல்லாத இருக்கைதான் கிடைத்ததாம். பின்னைத் தள்ளினார், திருப்பினார், குரல் வந்தது, கையை விட்டால் போய்விட்டது. கம்பியை மடித்து இருக்கை பெல்ட்டின் கீழ் சொருகி இரண்டு படம் பார்த்து முடித்திருக்கிறார். இரண்டாவது படத்தின் கடைசிக் காட்சியில் அம்மா மகனிடம் மெதுவாகச் சொல்லும் ஒரு வரி, போன பயணத்தில் அதே படத்தில் தனக்கு வெறும் மூச்சுச் சத்தமாகக் கேட்டது, இந்த முறை முழுதாகக் கேட்டது என்கிறார். அந்த வரியைக் கலவை செய்தவர் யாரோ, அவருக்காக எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. இறங்குவதற்கு முன் பணிப்பெண்ணிடம் இருக்கை எண்ணைச் சொல்லிவிடுங்கள், "சாக்கெட் தளர்ந்திருக்கிறது" என்று. கேபின் பதிவேட்டில் அது ஏறினால்தான் பழுது பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் அடுத்த பயணத்திலும் அங்கே யாரோ ஒருவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.